மேட்டில் புகைந்த பேட்டரி கார்: 48 வோல்ட் மோட்டாரை மாற்றுவது எப்படி?

கேள்வி: ஓசூரை அடுத்த தளி பக்கம் ஒரு பண்ணை விடுதி. பெங்களூரில் பழையதாக வாங்கிய ஆறு இருக்கை கோல்ஃப் கார்ட் ஒன்று ஓடுகிறது. 48 வோல்ட், தண்ணீர் ஊற்றும் பேட்டரி. வாசலிலிருந்து அறைகளுக்குப் போகும் வழி நல்ல மேடு. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏறும்போது பின்பக்கம் புகை வந்து வண்டி நின்றுவிட்டது. இப்போது பெடலை மிதித்தால் ‘டக்’ என்று சத்தம் மட்டும் கேட்கிறது, நகரவில்லை. மோட்டாரை நாங்களே மாற்றலாமா? காயில் கட்டினால் போதுமா? மேட்டுக்குத் தோதாகப் பெரிய மோட்டாராகப் போட்டுவிடலாமா?

பதில்:

நீங்களே மாற்றலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகிய இரண்டு பேருக்கு அரை நாள் வேலை. கழற்றி மாட்டுவதில் பெரிய சூட்சுமம் கிடையாது. பணம் வீணாவது வேறு இரண்டு இடங்களில்: கண்ட்ரோலருக்கு (பெடலுக்கு ஏற்ப மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடும் பெட்டி) பொருந்தாத வகை மோட்டாரை வாங்கிவிடுவது ஒன்று, பழையது ஏன் எரிந்தது என்று பார்க்காமல் புதியதை அதே நிலையில் மாட்டுவது இன்னொன்று. அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

போனது மோட்டார்தானா?

‘டக்’ சத்தம் சொலினாய்டு, அதாவது பேட்டரிக் கரண்ட்டை இணைத்துவிடும் மின்காந்த ஸ்விட்ச், இழுக்கும் சத்தம். அது இழுப்பதால் கரண்ட் உள்ளே போகிறது என்று அர்த்தமில்லை. பின்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து வரிசையாகப் பாருங்கள்.

பேட்டரித் தொகுப்பு முழுதாகச் சார்ஜ் ஆகி, சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 50.9 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும் (24 செல், செல்லுக்கு 2.12 வோல்ட்). அடுத்து சொலினாய்டின் இரண்டு பெரிய ஸ்டட்டுகளுக்கு (கேபிள் மாட்டும் திருகு முனைகள்) இடையில் மீட்டரை வையுங்கள். பெடலை மிதித்து ‘டக்’ கேட்டதும் ஏறக்குறைய பூஜ்யமாக வேண்டும். சத்தம் வந்தும் வோல்ட் அப்படியே நின்றால் உள்ளே தொடுமுனை கருகிவிட்டது. அது சின்னச் செலவு. சொலினாய்டு நன்றாக இருந்தால் மோட்டாரின் ஏ1, ஏ2 முனைகளில் (ஆர்மேச்சர், அதாவது சுழலும் பகுதியின் முனைகள்) பாருங்கள். பெடலை மிதிக்க மிதிக்க அங்கே வோல்ட் ஏறியும் மோட்டார் சுழலவில்லை என்றால் கோளாறு மோட்டாருக்குள். வோல்ட்டே வரவில்லை என்றால் கண்ட்ரோலர், பெடல் ஸ்விட்ச், அதற்கு முந்தைய வயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். கண்ட்ரோலரில் சின்ன எல்.இ.டி. இருந்தால் அது எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கைதான் கோளாறின் குறியீடு.

புகை வந்த வண்டியில் மோட்டாரும் கண்ட்ரோலரும் சேர்ந்தே போயிருக்கலாம். சீரியஸ் வகைக் கண்ட்ரோலரில் (வகைகளைக் கீழே சொல்கிறேன்) பேட்டரியைக் கழற்றிவிட்டு, பி மைனஸ், எம் மைனஸ் என்று எழுதியிருக்கும் முனைகளுக்கிடையே டயோடு சோதனையில் இரண்டு பக்கமும் மாற்றி வைத்துப் பாருங்கள். இரு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே மாஸ்ஃபெட் (கரண்ட்டை விட்டு நிறுத்தும் மின்னணு ஸ்விட்ச்) உருகி ஒட்டிவிட்டது. அந்த நிலையில் புது மோட்டாரை மாட்டிப் பெடலைத் தொட்டால், சொலினாய்டு இழுத்த கணத்தில் வண்டி முழு வேகத்தில் பாயும். ஆள் அடிபடுகிற விஷயம் இது, தவிர்த்துவிடாதீர்கள்.

மோட்டார் முனைகளில் உள்ள கேபிள்களையெல்லாம் கழற்றிவிட்டு ஓம் சோதனையும் செய்யுங்கள். ஏ1-ஏ2 தொடர்பு இருக்க வேண்டும். எஸ்1-எஸ்2 (சுழலாமல் நிற்கும் ஃபீல்டு காயிலின் முனைகள், சிலவற்றில் எஃப்1-எஃப்2) தொடர்பு இருக்க வேண்டும். ‘ஏ’ முனைக்கும் ‘எஸ்’ முனைக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. எந்த முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஏ1-ஏ2 மட்டும் தொடர்பில்லை என்று காட்டினால் கார்பன் (சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்து கம்யூட்டேட்டரை (அந்தக் கரித்துண்டு உரசும் செம்புப் பட்டை வளையம்) தொடாமல் நிற்கலாம். அப்படியானால் கார்பன் மாற்றினாலே வண்டி ஓடக்கூடும். ஆனால் புகை வந்த பிறகு அந்த அதிர்ஷ்டம் குறைவு. பின்மூடியின் காற்று ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். வார்னிஷ் கருகிய வாடை ஒருமுறை வந்துவிட்டால் மாதக்கணக்கில் போகாது.

வாங்கும் முன் வகையைக் கண்டுபிடியுங்கள்

பழைய வண்டிகளில் பெயர்ப்பலகை அழிந்தே இருக்கும். முனைகளை எண்ணினால் வகை தெரிந்துவிடும்.

நான்கும் ஒரே பருமனான ஸ்டட், ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2 என்று எழுதியிருந்தால் சீரியஸ் மோட்டார், அதாவது ஆர்மேச்சரிலும் ஃபீல்டு காயிலிலும் ஒரே கரண்ட் வரிசையாக ஓடும் வகை. இரண்டு பருமன், இரண்டு மெலிசு, மெலிசானவற்றில் எஃப்1, எஃப்2 என்று இருந்தால் செபெக்ஸ், அதாவது ஃபீல்டு காயிலுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கும் வகை. சீரியஸ் மோட்டாரின் ஃபீல்டு, ஒரு சாதாரண மல்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஷார்ட் போலவே தெரியும். செபெக்ஸ் ஃபீல்டு ஒரு ஓமை ஒட்டியோ சற்று மேலோ காட்டும். யு, வி, டபிள்யூ என்று மூன்று பருமனான முனையும், பக்கத்தில் மெல்லிய வயர் கொண்ட பிளக்கும் இருந்தால் ஏ.சி. மோட்டார்.

சீரியஸ் கண்ட்ரோலர் செபெக்ஸ் மோட்டாரை ஓட்டாது, செபெக்ஸ் கண்ட்ரோலர் சீரியஸை ஓட்டாது. கண்ட்ரோலர் கர்ட்டிஸ் என்றால் எண்ணைப் பார்த்தே உறுதி செய்யலாம்: 1204, 1205 வரிசை சீரியஸுக்கு, 1243, 1244, 1268 செபெக்ஸுக்கு, 1234, 1236, 1238 ஏ.சி.க்கு. ‘48 வோல்ட் கோல்ஃப் கார்ட் மோட்டார்’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் எது வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

ஏ.சி. மோட்டார் என்றால் அதே பார்ட் நம்பரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். என்கோடர் (சுழற்சியை எண்ணும் சென்சார்) துடிப்பு, போல் (காந்தத் துருவம்) எண்ணிக்கை, வெப்ப சென்சார் வகை எல்லாம் கண்ட்ரோலருக்குள் எழுதப்பட்டிருக்கும். வேறு மோட்டாரை வைத்தால் உறுமிக்கொண்டு உதறும், நகராது. கையடக்க புரோகிராமர் வைத்திருப்பவரிடம் கொடுத்து மாற்றி எழுத வேண்டும். சில ஏ.சி. வண்டிகளில் மோட்டார் முதுகிலேயே மின்காந்த பிரேக் இருக்கும். புது மோட்டார் அதோடு வருகிறதா என்றும் கேளுங்கள். இனிமேல் சொல்வதெல்லாம் டி.சி. மோட்டாருக்கு.

டி.சி.யில் வகைக்கு அடுத்தபடியாக நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். முதலாவது ஸ்பிளைன், அதாவது ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பல். கோல்ஃப் கார்ட்டில் செயினோ பெல்ட்டோ கிடையாது. டிஃபரன்ஷியலின் (பின்சக்கரங்களைச் சுழற்றும் கியர் பெட்டி) இன்புட் ஷாஃப்ட் நேராக மோட்டாருக்குள் நுழைகிறது. பரவலாகக் கிடைப்பது 19 பல், ஆனாலும் உங்கள் ஷாஃப்ட்டின் பல்லை எண்ணி, விட்டத்தையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், அவை அமரும் விளிம்பின் விட்டமும். மூன்றாவது சுழலும் திசை. சில மோட்டார்களில் கார்பன் இருக்கை ஒரு திசைக்குத் தோதாகச் சற்று நகர்த்தி வைக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் ஓட்டினால் பொறி பறக்கும். நான்காவது வேக சென்சார். செபெக்ஸ் வண்டிகள் பலவற்றில் ஆர்மேச்சர் முனையில் ஒரு வட்டக் காந்தமும், பின்மூடியில் சென்சாரும் இருக்கும். புது மோட்டாரில் அந்தக் காந்தம் இல்லாமல் வந்தால் பழையதிலிருந்து கழற்றிப் போட வேண்டும். அதை மறந்தால் வண்டி ஊர்ந்து போகும், அல்லது வெட்டி வெட்டி ஓடும். வாங்கிய மோட்டார் மேல் பழி விழும்.

காயிலா, புது மோட்டாரா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு இல்லாத ஊர் குறைவு, அதனால் சப்மெர்சிபிள் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கை இந்த வேலைக்கு உதவாது. டி.சி. ஆர்மேச்சரில் பட்டைச் செம்புக் கம்பி, கம்யூட்டேட்டர் பட்டைகளோடு அதை இணைப்பது, இறுக்கிக் கட்டும் பட்டி, வார்னிஷ், பேலன்ஸ் என்று எல்லாமே வேறு. ஓசூர் சிப்காட் ஆலைகளில் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது. அவற்றின் டி.சி. மோட்டாரைப் பார்க்கும் பட்டறை எது என்று விசாரித்து அங்கே கொண்டு போங்கள். ‘கிரௌலர் வைத்துப் பார்ப்பீர்களா, பேலன்ஸ் செய்து தருவீர்களா’ என்று கேளுங்கள் (கிரௌலர் என்பது ஆர்மேச்சரில் ஷார்ட் இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி). இரண்டில் ஒன்றுக்கு முழித்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

என் தீர்ப்பு இது: கார்பன், பேரிங், கம்யூட்டேட்டர் மேல் கருப்பு, இவ்வளவுதான் என்றால் பழுது பாருங்கள். கம்யூட்டேட்டரை லேத்தில் மெலிதாகச் சீவி, பட்டைகளுக்கு இடையிலுள்ள, கரண்ட் கடத்தாத மைக்காவைச் சுமார் 0.8 மி.மீ. ஆழத்துக்கு வெட்டிவிட வேண்டும். சீவிவிட்டு மைக்காவை வெட்டாமல் கொடுக்கும் லேத்காரர்கள் உண்டு. அப்படி மாட்டினால் புதுக் கார்பன் மைக்கா மேல் ஏறி இறங்கிக் குதித்துச் சீக்கிரமே தேய்ந்துவிடும். பேரிங் பல மோட்டார்களில் 6205. எழுதியுள்ள எண்ணைப் பார்த்து, இருபுறமும் ரப்பர் சீல் உள்ளதாக வாங்குங்கள். செபெக்ஸில் ஃபீல்டு காயில் மட்டும் எரிந்திருந்தால் அதையும் தைரியமாகக் கட்டலாம். ஆர்மேச்சர் கம்பி கருகியிருந்தாலோ, கம்யூட்டேட்டர் பட்டை எழும்பியிருந்தாலோ ஆர்மேச்சரை அல்லது மோட்டாரையே மாற்றுவது நல்லது. கட்டிய ஆர்மேச்சர் சமதரையில் ஓடும், உங்கள் மேட்டில் எவ்வளவு நாள் தாங்கும் என்பது கட்டியவர் கையைப் பொறுத்தது.

பழையது ஏன் எரிந்தது?

ஆறு பேரோடு உங்கள் வண்டி 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் அதை உருட்ட 180 நியூட்டன் விசை போதும். நூறு அடி போனால் பன்னிரண்டு அடி உயரும் மேட்டில் 1,230 நியூட்டன் வேண்டும். ஏறக்குறைய ஏழு மடங்கு. 18 அங்குல டயர், 12.4-க்கு 1 என்ற கியர் விகிதம் என்றால், மோட்டார் தண்டில் வேண்டிய முறுக்கு விசை சமதரையில் 3.5 நியூட்டன் மீட்டர், மேட்டில் 24 நியூட்டன் மீட்டர். அதே மேட்டை 12 கி.மீ. வேகத்தில் ஏற பேட்டரியிலிருந்து சுமார் 5.4 கிலோவாட், அதாவது 115-120 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் மோட்டார் இதைச் சில நிமிடம் தாங்கும், நாளெல்லாம் தாங்காது. பெயர்ப்பலகையில் எஸ்2-60 என்று இருந்தால் (இது எஸ்2 முனை அல்ல, வேலை நேரக் குறியீடு), முழு அளவு வேலையைக்கூட ஒரு மணி நேரம் செய்துவிட்டு ஆற வேண்டிய மோட்டார் என்று பொருள்.

ஓட்டுநர்கள் செய்யும் ஒரு தவறு: மேட்டில் மெதுவாகப் போனால் மோட்டாருக்கு நல்லது என்று நினைப்பது. மெதுவாகப் போனால் பேட்டரி கரண்ட்தான் குறையும். மோட்டாருக்குள் ஓடும் கரண்ட் இழுவிசையைப் பொறுத்தது. 5 கி.மீ. வேகத்திலும் அதே 24 நியூட்டன் மீட்டர், அதே கரண்ட், அதே சூடு. தண்டோடு சுழலும் விசிறி மட்டும் மெதுவாகிவிடும், ஏறும் நேரமும் கூடிவிடும். மோட்டார் இன்னும் சூடாகும். இதைவிட மோசமானது, மேட்டில் பிரேக் பிடிக்காமல் பெடலை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசுவது. ஆர்மேச்சர் சுழலாமல் நிற்கும்போது முழுக் கரண்ட்டும் கார்பனுக்கு அடியில் இருக்கும் அந்த இரண்டு மூன்று கம்யூட்டேட்டர் பட்டைகள் வழியாகவே போகும். அவை மட்டும் நீலம் பாய்ந்து எழும்பும். பழைய மோட்டாரைப் பிரிக்கும்போது எதிரெதிரே சில பட்டைகள் மட்டும் கருகியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆர்மேச்சர் முழுக்க ஒரே சீராகக் கருகியிருந்தால் நீண்ட நேர அதிகச் சுமை. பட்டைகள் வெளிப்பக்கமாகப் பிய்ந்து வந்திருந்தால், எரிந்தது மேட்டில் அல்ல, இறக்கத்தில். சீரியஸ் மோட்டாருக்கு இறக்கத்தில் பிடிமானம் கிடையாது. 24 கி.மீ. வேகத்தில் 3,450 சுற்று சுழலும் மோட்டார், நியூட்ரலில் 35 கி.மீ.க்கு உருளவிட்டால் 5,000-ஐத் தாண்டும்.

மோட்டாரைச் சாராத காரணங்களும் உண்டு. பின்சக்கர டிரம் பிரேக் ஒட்டிக்கொண்டு இழுப்பது முக்கியமானது. தூக்கி வைத்த நிலையில் நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசினால் கேபிளையும் ஷூவையும் சரிசெய்யுங்கள். டயர் காற்று 18-22 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். பேட்டரியை மேட்டில் வைத்துச் சோதியுங்கள்: ஏறும்போது தொகுப்பு 42 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது, மோட்டாரை மாற்றினாலும் வண்டி திணறும். அடுத்து கேபிள் முனைகள். தளர்ந்த ஒரு லக்கில் (கேபிள் முனையில் அழுத்தியிருக்கும் உலோக வளையம்) 5 மில்லி ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியரில் 200 வாட் சூடு அந்த ஒரே இடத்தில் பிறக்கும். மோட்டார் ஸ்டட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி, ஸ்டட் உடம்பைத் தொடுவது இப்படித்தான். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரிக்கு அருகே ஓடும் வண்டி என்றால் கல்தூள் இன்னொரு எதிரி. காற்று ஓட்டை வழியாகப் போய் கார்பனையும் கம்யூட்டேட்டரையும் அரைத்துவிடும்.

கழற்றுவது

மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர்களின் பிடியில் டேப் சுற்றுங்கள். பேட்டரி மேல் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் வெல்டிங் ராடுபோல எரியும். சார்ஜ் முடிந்த கையோடு வேலையைத் தொடங்க வேண்டாம், ஹைட்ரஜன் வாயு கலையட்டும்.

சாவியை அணைத்து, நியூட்ரலில் வைத்து, டோ-ரன் ஸ்விட்ச் (டோ என்றால் வண்டியை இழுத்துப் போக, ரன் என்றால் ஓட்ட) இருந்தால் டோ பக்கம் தள்ளுங்கள். தொகுப்பின் முதன்மை நெகட்டிவ் கேபிளை முதலில், பிறகு பாசிட்டிவைக் கழற்றி, இரண்டு முனையையும் தனித்தனியாகச் சுற்றி ஓரமாக வையுங்கள். கண்ட்ரோலருக்குள் கெப்பாசிட்டரில் இன்னும் கரண்ட் இருக்கும். பழைய 60 அல்லது 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் பி பிளஸ், பி மைனஸ் முனைகளில் சில விநாடி தொட்டு இறக்கிவிடுங்கள்.

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸின் கனமான பகுதியில் இரண்டு ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டாக நம்ப வேண்டாம், சொல்லாமல் உடையும். மோட்டார் ஆக்சிலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் ஒரு சக்கரத்தைக் கழற்றினாலே இடம் கிடைக்கும். சிலவற்றில் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஆக்சிலைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும்.

கேபிள்களைப் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி ஏ1, ஏ2 என்று எழுதுங்கள். போட்டோ மட்டும் போதாது, கருப்புக் கேபிள் நான்கும் படத்தில் ஒரே மாதிரி தெரியும். ஸ்டட்டில் இரண்டு நட்டு இருக்கும். உள் நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை மட்டும் கழற்றுங்கள். பிடிக்காமல் திருகினால் ஸ்டட் சுழன்று, உள்ளே காயில் இணைப்பு முறியும். பழைய மோட்டார் எப்படியும் போனதுதானே என்று அலட்சியமாகக் கழற்றும் கை, புதியதை மாட்டும்போதும் அப்படியே திருகும்.

மோட்டார் 20 கிலோவை ஒட்டி இருக்கும். அடியில் இரண்டாவது ஜாக்கியைப் பலகை வைத்து முட்டுக் கொடுங்கள். டிஃபரன்ஷியலோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை, மேல் போல்ட் ஒன்றைக் கடைசியாக விட்டுக் கழற்றுங்கள். பிறகு நேராகப் பின்னுக்கு இழுங்கள். பாதி வந்த மோட்டார் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கினால் ஷாஃப்ட் சீல் போய்விடும். துருப்பிடித்து வரவில்லை என்றால் சேரும் விளிம்பில் நெம்புகோலை இருபக்கமும் மாறி மாறிக் கொடுங்கள். ஒரே பக்கம் நெம்பினால் அலுமினிய உறை விரியும்.

மோட்டார் வெளியே வந்ததும் அவசரமாகப் புதியதைத் தூக்காதீர்கள், ஷாஃப்ட்டைப் பாருங்கள். பல்லில் சிவப்பாகக் குங்குமம் மாதிரித் தூள் இருந்தால் கிரீஸ் இல்லாமல் உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்ந்திருக்கிறது. பல் நுனி கத்திபோலக் கூர்ந்திருந்தால் ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டும், இல்லையேல் புது மோட்டாரின் உட்பல்லை அது தின்றுவிடும். ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருந்தால் ஆயில் சீலை இப்போதே மாற்றுங்கள். சீலின் மேல் எழுதியிருக்கும் மூன்று எண்களைச் சொன்னால் ஓசூர், கிருஷ்ணகிரி பேரிங் கடைகளில் கிடைக்கும். டிஃபரன்ஷியல் எண்ணெய் கசிந்து கார்பன் தூளோடு கலந்தால் அது கரண்ட் கடத்தும் கருப்புச் சேறு. பல மோட்டார்கள் அதனாலேயே உடம்புக்கு ஷார்ட் ஆகின்றன. எண்ணெய் அளவையும் பக்கவாட்டு பிளக் வழியாகப் பார்த்து, வண்டிக் கையேடு சொல்லும் கிரேடை ஊற்றுங்கள்.

புதியதை மாட்டுவது

பெட்டியைப் பிரித்ததும் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து பல், போல்ட் ஓட்டை, முனைகளின் இடம், சென்சார் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். முன்னே சொன்ன ஓம் சோதனையைப் புது மோட்டாருக்கும் செய்யுங்கள். மாட்டிய பிறகு தெரிந்தால் கடைக்காரரிடம் பேச வாய் இருக்காது.

தரையில் வைத்து 12 வோல்ட்டில் சுற்றிப் பார்க்கும் ஆசை வரும். இதில் இரண்டு எச்சரிக்கை. பல கோல்ஃப் கார்ட் மோட்டார்களில் கம்யூட்டேட்டர் பக்கம் மட்டும்தான் பேரிங், மறுமுனையை டிஃபரன்ஷியல் ஷாஃப்ட் தாங்குகிறது. தனியாகச் சுற்றினால் ஆர்மேச்சர் சரிந்து உரசும். இரண்டு பக்கமும் பேரிங் உள்ள சீரியஸ் மோட்டார் என்றால் ஏ2-வையும் எஸ்1-ஐயும் இணைத்து, ஏ1-க்கும் எஸ்2-க்கும் 12 வோல்ட்டை இரண்டு மூன்று விநாடி மட்டும் கொடுக்கலாம். சுமையில்லாத சீரியஸ் மோட்டார் வேகத்துக்கு எல்லையே கிடையாது, 48 வோல்ட் கொடுத்தால் சிதறும். செபெக்ஸில் ஃபீல்டுக்குக் கொடுக்காமல் ஆர்மேச்சருக்கு மட்டும் கொடுக்கவே கூடாது.

பல்லைத் துடைத்து, மாலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு) கலந்த கிரீஸை விரலால் மெலிதாகப் பூசுங்கள். அள்ளி அப்பினால் சுழற்சியில் உள்ளே தெறித்து கம்யூட்டேட்டரில் ஒட்டும். ஷாஃப்ட் முனைக்கும் மோட்டாருக்கும் நடுவே சின்ன ரப்பர் பம்பர் இருக்கும் மாடல்களில் அதைப் புதிதாகப் போடுங்கள். பழையது மோட்டாருக்குள்ளேயே தங்கிக் குப்பைக்குப் போய்விடுவதால் பலரும் இதை மறக்கிறார்கள். பிறகு முன்னும் பின்னும் மாற்றும்போதெல்லாம் ‘டங்’ என்று இடிக்கும்.

மோட்டாரை ஜாக்கியில் ஷாஃப்ட் மட்டத்துக்கு ஏற்றி நேராகத் தள்ளுங்கள். பல் சேரவில்லை என்றால் ஒருவர் சக்கரத்தை மெல்லத் திருப்ப, மற்றவர் தள்ள வேண்டும். இரண்டு முகமும் கையாலேயே ஒட்டிய பிறகுதான் போல்ட். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்தால் உறையின் காது உடையும். எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு எதிரெதிராக இறுக்குங்கள்.

கேபிள் முனைகளைக் கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாக்கி, லக் நேராக உள் நட்டின் மேல் உட்காரும்படி மாட்டுங்கள். நடுவே வாஷர் வைக்காதீர்கள், வாஷர் லக்குக்கு மேலேதான். முறுக்கு அளவு மோட்டாரோடு வரும் தாளில் இருக்கும். பெரும்பாலும் 7-12 நியூட்டன் மீட்டருக்குள், அதாவது சின்ன ஸ்பேனரை மணிக்கட்டு பலத்தில் இறுக்கும் அளவு. கேபிள் பச்சை பூத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். 16 சதுர மி.மீ. கேபிள் மொத்தம் 5 மீட்டர் என்றால் 200 ஆம்பியரில் 230 வாட் வீணாகிறது, 25 சதுர மி.மீ. என்றால் 145 வாட். மேட்டு வண்டிக்கு 25 போடுங்கள், செலவு பெரிதல்ல. லக்கைச் சுத்தியலால் நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில் அழுத்தச் சொல்லுங்கள்.

பேட்டரியை இணைக்கும் முன் கண்ட்ரோலரின் கெப்பாசிட்டரை அதே குண்டு பல்பு வழியாகச் சில விநாடி நிரப்பிவிட்டால் பெரிய பொறி வராது. டோ ஸ்விட்ச் உள்ள வண்டியில் பேட்டரியை இணைத்து முடித்த பிறகே ரன்னுக்குத் தள்ளுங்கள்.

சக்கரம் தூக்கிய நிலையிலேயே முன்கியரில் போட்டுப் பெடலை நூலிழை மிதியுங்கள், அழுத்தி மிதிக்க வேண்டாம். பின்பக்கமாகச் சுற்றினால் சீரியஸில் எஸ்1, எஸ்2 இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள். ஏ ஜோடியையும் சேர்த்து மாற்றினால் திசை பழையபடியே இருக்கும். செபெக்ஸில் எஃப்1, எஃப்2-வை மாற்றினால் போதும்.

பெரிய மோட்டார் போடலாமா?

போடலாம், ஆனால் மோட்டாரோடு முடியாது. கண்ட்ரோலர் கொடுக்கும் ஆம்பியர் அளவு மாறாமல் மோட்டாரை மட்டும் பெரிதாக்கினால் மேட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. பெரிய கண்ட்ரோலர் போட்டால் அதற்கேற்ற சொலினாய்டு, 35 சதுர மி.மீ. கேபிள், அவ்வளவு கரண்ட்டைத் தரக்கூடிய பேட்டரி என்று வரிசையாக மாற்ற வேண்டும். கடையில் கேட்கும்போது ‘ஹை ஸ்பீடு’ மோட்டாரைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது மேட்டில் உங்கள் பழைய மோட்டாரைவிடச் சீக்கிரம் எரியும். கேட்க வேண்டியது ‘ஹை டார்க்’, அதாவது முறுக்கு விசை அதிகமுள்ள வகை. உங்களுடைய நிலைக்கு, அதே அளவு மோட்டார், நல்ல கேபிள், சரியான பிரேக், மேட்டில் ஆறுக்குப் பதில் நான்கு பேர், இவ்வளவே போதும் என்பேன். நான்கு பேர் என்றால் மோட்டார் தண்டில் தேவைப்படும் முறுக்கு விசை 24-லிருந்து 20 நியூட்டன் மீட்டருக்கு இறங்கும். முறுக்கு விசையில் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்தால், செபெக்ஸில் சூடு கால் பங்குக்கு மேல் குறையும், ஏனென்றால் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. சீரியஸில் இந்த லாபம் கொஞ்சம் குறைவு.

செபெக்ஸ் வண்டியானால் இன்னொன்று: சார்ஜ் போடும் இடம் மேட்டின் உச்சியில் இருந்தால், நிறைந்த பேட்டரியோடு உடனே இறங்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் கரண்ட்டுக்குப் போக இடமிருக்காது. வோல்ட் ஏறி, கண்ட்ரோலர் துண்டித்து, இறக்கத்தில் பிடிமானம் திடீரென விடும். லித்தியத்துக்கு மாற்றிய வண்டியில் இது இன்னும் கூர்மையாக நடக்கும். சார்ஜ் பாயின்ட்டைக் கீழே வாசல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள் புதுக் கார்பன் கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து அமர வேண்டும். அதுவரை சமதரையில் பாதிச் சுமையோடு ஓட்டுங்கள், மேட்டுக்கு முழு ஆளையும் ஏற்ற வேண்டாம். ஒரு வாரம் கழித்து, மோட்டார் ஆறிய நிலையில் எல்லா லக்கையும் உறை போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பிறகு ஒருமுறை மேடு ஏறி வந்த கையோடு ஒவ்வொரு லக்கையும் கையால் தொடாமல் இன்ஃப்ராரெட் வெப்பமானியில் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15-20 டிகிரி கூடுதலாகக் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி மாட்டுங்கள்.